கோழிச் சட்டியிலிருந்து ஆதிப்பறவை வரை: பள்ளி விடுமுறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆதிப்பறவைகளின் புதைபடிவங்கள் ஜெர்மனியிலும் சீனாவிலும் அர்ஜென்டினாவிலும் கிடைக்கின்றன. மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் கிடைப்பதில்லை. அதனால் இது நமக்கு எட்டாத பாடம் என்று விட்டுவிட வேண்டாம். ஒரு கோழியின் ஏழு எலும்புகளைக் கையால் தொட்டு அடையாளம் சொல்லத் தெரிந்தால் போதும். உலகின் எந்தப் பறவைப் படிவத்தின் படத்தைக் காட்டினாலும் அதில் எது எது என்று ஓரளவு படித்துவிடலாம். கோழி நம்மிடம் தாராளமாக இருக்கிறது. விடுமுறையில் என்ன செய்வது என்று தெரியாமல் கைப்பேசியை நோண்டும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இந்த வேலை முழுவதற்கும் ஒரே ஒரு கேள்விதான் சாவி: எந்த எலும்பு கிடைத்தது? ஆறு மீட்டர் சிறகு, குதிரை அளவு தலை என்று யார் எதைச் சொன்னாலும் பிள்ளைகள் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும். பெரியவர்களுக்கும் இந்தப் பழக்கம் நல்லது.

படி 1: கோழி வாங்குவது

பாசாரில் கிடைக்கும் சாதாரண பிராய்லர் இதற்கு உதவாது. அது ஆறு வாரக் குஞ்சு, உடம்புதான் பெரிது. எலும்பு நுனிகளெல்லாம் குருத்தாகவே இருக்கும், வேக வைத்தால் கழன்று போகும். முட்டையிட்டு ஓய்ந்த கோழியோ, வயதான கம்பத்துக் கோழியோ கேளுங்கள். விலை கொஞ்சம் கூட இருந்தாலும் சூப்பு வைத்தால் காசு வீணாகாது. தலை, கால் இரண்டையும் வெட்டி வீசாமல், உடம்பைத் துண்டு போடாமல் முழுசாகத் தரச் சொல்ல வேண்டும். கடைக்காரர் பழக்கத்தில் மார்பெலும்பைப் பிளந்துவிடுவார், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நாளும் பார்த்துக்கொள்ளுங்கள். செவ்வாய், வெள்ளியில் சைவம் சமைக்கும் வீடுகளில் அன்று எலும்பை எடுத்து வைத்தால் அம்மாவிடம் பிள்ளைகள்தான் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். புரட்டாசியில் ஆரம்பிக்கவே வேண்டாம். தீபாவளி முடிந்து ஆண்டு இறுதி விடுமுறை வரும்போது தோதாக இருக்கும்.

படி 2: எலும்பைச் சுத்தம் செய்வது

மசாலா போடாமல், சிறு தீயில், சதை தானாகக் கழலும் வரை வேக விடுங்கள். கொதிக்கக் கொதிக்க விட்டால் சின்ன எலும்புகள் வெடித்துவிடும். பிரஷர் குக்கர் கூடாது. சிறகையும் காலையும் தனித்தனித் துணியில் முடிந்து போட்டு வேக வைத்தால் எது எங்கிருந்து வந்தது என்ற குழப்பம் வராது.

சதையை எடுத்த பிறகு பழைய பல் துலக்கியால் தேய்த்து, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் சில நாள் ஊற விடுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். கொழுப்பு போனால்தான் நாற்றம் போகும். வெள்ளையாக வேண்டுமென்றால் ஃபார்மசியில் கிடைக்கும் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு நாள் வைக்கலாம். துணிக்குப் போடும் பிளீச் மட்டும் வேண்டாம்; அது எலும்பையே அரித்துவிடும். காய வைக்கும்போது மேலே வலை போட்டு மூடுங்கள். எறும்பும் பூனையும் காத்துக்கொண்டிருக்கும். கை கழுவுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, பச்சைக் கோழி பச்சைக் கோழிதான்.

படி 3: ஏழு எலும்புகள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இது. பாதி நாள் ஒதுக்கினாலும் தகும்.

முதலில் மார்பெலும்பு. நடுவில் கத்தி போல எழும்பி நிற்கும் தகட்டைத் தடவிப் பாருங்கள். பறப்பதற்கான பெரிய தசைகள் பிடித்துக்கொள்ளும் இடம் இதுதான். நாம் சாப்பிடும் மார்புச் சதை முழுவதும் அந்தத் தசைகளே. அதற்கு முன்னால் கவட்டை எலும்பு இருக்கிறது, லாஸ்டிக் செய்யும் கவட்டைக் குச்சி மாதிரி. இரண்டு தோள்பட்டையின் காறை எலும்புகள் ஒன்றாகச் சேர்ந்தது அது. இது பறவைக்கு மட்டும் உரியதல்ல, டைரனோசாருக்கும் இருந்தது.

மூன்றாவது, மார்பெலும்பையும் தோளையும் இணைக்கும் தடித்த கோரக்காய்டு எலும்பு. இதன் மேல்முனை தோள்பட்டை எலும்போடு எப்படிப் பொருந்துகிறது என்று நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு முழுப் பறவைக் கூட்டத்தையே இந்தப் பொருத்தத்தை வைத்துத்தான் பிரிக்கப் போகிறோம்.

நான்காவது, சிறகின் நுனி. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே எலும்பாகிவிட்டன. கட்டைவிரல் மட்டும் சிறு முள்ளாகத் தனியே நிற்கும். ஐந்தாவது, வாலடியில் இருக்கும் கொழுத்த சதைக்குள் ஒரு சின்ன ஏர்க்கொழு வடிவ எலும்பு: பைகோஸ்டைல். வால் முள்ளெலும்புகள் பல சேர்ந்து ஒன்றானது, வால் இறகுகளைத் தாங்குவது. பலர் அந்தச் சதையை வெட்டி எறிந்துவிடுவார்கள். இந்த முறை எறியாதீர்கள்.

ஆறாவது, செதில் மூடிய கால். பறவைக்கு முழங்கால் பின்பக்கம் மடிகிறது என்று பிள்ளைகள் சொல்வார்கள். மடிவது கணுக்கால். உண்மையான முழங்கால் இறகுக்குள்ளே, தொடையும் சூப்புக் காலும் சேரும் இடத்தில் இருக்கிறது. நாம் கால் என்று சொல்வது பாதத்தின் எலும்புகள் ஒன்றாக ஒட்டி நீண்டது. கோழி விரல் நுனியில்தான் நடக்கிறது.

ஏழாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. முட்டைக்கோழியின் தொடை எலும்பை ஒரு சிறு சுத்தியலால் உடைத்துப் பாருங்கள் (கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு). உள்ளே வெறும் குழாயாக இல்லாமல் பஞ்சு போல நுண்ணிய எலும்பு படர்ந்திருந்தால், அது முட்டை ஓட்டுக்காகக் கோழி சேர்த்து வைத்த சுண்ணாம்புச் சத்து. சேவலிடம் இது இராது. சீனாவின் லியாவோனிங் மாநிலத்தில் கன்ஃபூசியஸார்னிஸ் என்ற பறவை நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கிறது, 12.5 கோடி ஆண்டுகள் பழையது. சிலவற்றுக்கு இரண்டு நீண்ட வாலிறகுகள் உண்டு, சிலவற்றுக்கு இல்லை. எது ஆண், எது பெண்? நீண்ட வாலிறகு இல்லாத ஒன்றின் எலும்புக்குள் இதே சேமிப்பு எலும்பு இருப்பதை 2013இல் கண்டார்கள். அப்போது அது முட்டையிடும் பெண் என்பது உறுதியானது. உங்கள் சூப்புச் சட்டியில் கிடந்த அதே சான்று.

படி 4: ஆர்க்கியோப்டெரிக்ஸோடு ஒப்பிடுவது

இணையத்தில் பெர்லின் அருங்காட்சியகத்தில் உள்ள ஆதிப்பறவையான ஆர்க்கியோப்டெரிக்ஸின் படத்தைத் தேடி, நல்ல தெளிவில் பெரிதாக அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் கடையில் பெரிய தாளில் எடுத்தால் ஏறக்குறைய அசல் அளவுக்கே வரும். காக்கை அளவுப் பறவைதான் அது.

ஜெர்மனியின் பவேரியாவில் சோல்ன்ஹோஃபன் என்ற இடத்தில் அச்சுக்கல் வெட்டும் சுரங்கங்கள் இருந்தன. அந்தச் சுண்ணாம்புக் கல் மிக நுண்மையானது. 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அமைதியான உப்புநீர்க் காயலின் அடியில் படிந்தது. 1861இல் ஓர் இறகின் தடம் கிடைத்தது, அதே காலத்தில் ஓர் எலும்புக்கூடும் வெளிவந்தது. அந்த எலும்புக்கூடு ஹெபர்லைன் என்ற மருத்துவரின் கைக்கு வந்து, மற்ற படிவங்களோடு சேர்த்து 700 பவுனுக்கு லண்டனுக்கு விலை போனது. டார்வின் தம் பரிணாம நூலை வெளியிட்டு அப்போது இரண்டே ஆண்டுகள். பெர்லினில் இருப்பது 1870களில் கிடைத்தது. தலையும் பல்லும் தெளிவாகத் தெரிவது அதில்தான்.

இப்போது கோழி எலும்புகளைப் படத்தின் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகத் தேடச் சொல்லுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். கவட்டை எலும்பு இருக்கிறது, தடிமனாக. இறகுத் தடம் இருக்கிறது. ஆனால் மார்புத் தகடு? காணோம். விரல்கள் மூன்றும் தனித்தனியாக, நகத்தோடு நிற்கின்றன. பைகோஸ்டைல் இல்லை, அதற்குப் பதிலாக இருபதுக்கும் மேற்பட்ட முள்ளெலும்புகளோடு பல்லி வால். வாயில் பல். பாதி ஊர்வன, பாதி பறவை என்று பாடநூலில் மனப்பாடம் செய்ததை இங்கே பிள்ளைகள் தாங்களே எண்ணிக் கண்டுபிடிக்கிறார்கள்.

கோழிக்குப் பல் இருந்தால் எப்படி இருக்கும் என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். 2006இல் ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் கொண்ட கோழிக் கருக்களின் தாடையில் முதலைப் பல் போன்ற கூர்மொட்டுகள் அரும்புவதை ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்தக் கருக்கள் பொரிப்பதில்லை. பல் செய்யும் பழைய வழிமுறை கோழிக்குள் இன்னும் முழுதாக அழியவில்லை என்பதுதான் அதன் பொருள்.

படி 5: பூப்பந்து மைதானத்தில் காலக் கோடு

பாலாய் ராயாவில் (ஊர் மண்டபத்தில்) பூப்பந்து மைதானம் இருந்தால் காலையில் காலியாக இருக்கும்போது கேட்டு வாங்குங்கள். நீளம் 13.4 மீட்டர். ஒரு பின்கோட்டை இன்றைய நாளாக வைத்து, 1 கோடி ஆண்டுக்கு 80 சென்டிமீட்டர் என்று அளந்து கயிறு கட்டினால் 12 மீட்டரில் ஆர்க்கியோப்டெரிக்ஸ் வரும். 10 மீட்டரில் கன்ஃபூசியஸார்னிஸ். நடுவலைக்குச் சற்று இப்பால் ஹெஸ்பெரோர்னிஸ் என்ற பல்லுள்ள நீந்தும் பறவை. 5 மீட்டர் 28 சென்டிமீட்டரில் சிவப்புத் துணி கட்டுங்கள்: 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதி டைனோசார்கள் அழிந்த கோடு. நம் மனித இனம் தோன்றியது பின்கோட்டிலிருந்து இரண்டரை சென்டிமீட்டருக்குள். அதைக் காட்டியதும் சிறு பிள்ளைகள் குனிந்து பார்ப்பார்கள், பெரியவர்கள் சும்மா நிற்பார்கள்.

படி 6: கோட்டில் பறவைகளை நிறுத்துவது

ஆளுக்கொரு பறவையைக் கொடுத்து அதன் இடத்தில் நிற்க வையுங்கள். சிவப்புத் துணிக்கு அப்பால் நிற்பவர்களில் மூன்று பேர் கட்டாயம் வேண்டும்.

ஒன்று ஹெஸ்பெரோர்னிஸ். அமெரிக்காவின் கன்சாஸ் அப்போது கடலடியில் இருந்தது. அந்தச் சுண்ணப் படிவிலிருந்து மார்ஷ் என்ற அறிஞர் 1872இல் பெயரிட்ட பறவை இது. ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளம், தாடையில் பல், காலால் உந்தி நீந்தும். சிறகு சுருங்கி ஒரு மெல்லிய குச்சியாகிவிட்டது. அதே காலத்து இக்தியோர்னிஸ் சிறியது, நன்றாகப் பறக்கக்கூடியது, அதற்கும் பல். மார்ஷ் முதலில் அதன் தாடையை மட்டும் பார்த்து, இது ஒரு சிறு கடல் ஊர்வனவின் தாடை என்று வேறு பெயர் வைத்துவிட்டார். பறவைக்குப் பல் இருக்கும் என்று யார் நினைத்தார்கள்!

இரண்டாவது, எனான்டியோர்னிதீஸ் என்ற பெருங்கூட்டம். கோரக்காய்டு பொருத்தத்தைப் பார்த்து வைக்கச் சொன்னது இதற்குத்தான். கோழியில் எந்த எலும்பில் குமிழும் எந்த எலும்பில் குழியும் இருக்கிறதோ, இவற்றில் அது தலைகீழ். அர்ஜென்டினாவில் கிடைத்த எலும்புகளில் இந்த வேறுபாட்டைக் கண்டு 1981இல் சிரில் வாக்கர் இவற்றைத் தனிக் கூட்டமாகப் பிரித்தார். டைனோசார் காலத்தில் உலகெங்கும் பரவியிருந்தவை. சிவப்புத் துணியைத் தாண்டி ஒன்றும் வரவில்லை.

மூன்றாவது, நம் கோழியின் சொந்தக்காரர். பெல்ஜியத்தில், நெதர்லாந்து எல்லை அருகே கிடைத்த ஒரு சிறு கல்லை ஊடுகதிர் அலகிடலில் வைத்தபோது உள்ளே முழு மண்டையோடு தெரிந்தது. ஆஸ்டீரியோர்னிஸ் என்று 2020இல் பெயரிட்டார்கள். வயது 6.67 கோடி ஆண்டுகள். நம் கயிற்றில் சிவப்புத் துணிக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் மட்டுமே அப்பால். கோழியின் சாயலும் வாத்தின் சாயலும் கலந்த மண்டை. பாசாரில் ஒரு வாத்துத் தலையும் வாங்கி வேக வைத்திருந்தால், இரண்டு மண்டையோடுகளையும் பக்கத்தில் வைத்து அந்தப் படத்தோடு ஒப்பிடலாம். இதற்காகவே வாத்து வாங்குவது தகும் என்பது என் கருத்து.

ஒரு எச்சரிக்கை. தோல்சிறகு கொண்ட டெரோசார்களை யாராவது பறவை வரிசையில் நிறுத்த வருவார்கள். அவை பறவைகள் அல்ல, பறவைகளின் மூதாதையரும் அல்ல. வெளியே அனுப்பிவிடுங்கள்.

படி 7: பேருருவங்களைத் தரையில் வரைவது

சுண்ணக்கட்டியால் அசல் அளவில் வரைவதுதான் பிள்ளைகளுக்குத் திருவிழா. மைதானத்தின் அகலம் 6.1 மீட்டர். அமெரிக்காவின் தென் கரோலினாவில் கிடைத்த பெலகோர்னிஸ் சான்டர்சி என்ற கடற்பறவையின் சிறகு விரிப்பு அந்தக் கோட்டைத் தாண்டிப் போகும், மதிப்பீடு 6.1 முதல் 7.4 மீட்டர். ஏன் இவ்வளவு இடைவெளி? நம் சாவிக் கேள்வியைக் கேளுங்கள். மண்டையோடும், சிறகு, கால் எலும்புகளில் சிலவும் கிடைத்தன, இறகு கிடைக்கவில்லை. இறகின் நீளத்தை ஊகித்துத்தான் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. ஆகவே எலும்பை முழுக்கோட்டாகவும் இறகைப் புள்ளிக்கோட்டாகவும் வரையுங்கள். இந்த விதியை எல்லாப் படத்துக்கும் வையுங்கள்.

அப்புறம் கெலன்கென். அர்ஜென்டினாவின் கொடும்பறவைகளில் ஒன்று, பறக்காதது. கிடைத்த மண்டையோடு மட்டும் 71 சென்டிமீட்டர். தலையை முழுக்கோட்டில் வரைந்துவிட்டு, உடம்பின் பெரும்பகுதியைப் புள்ளிக்கோட்டில் விடுங்கள். ஆஸ்திரேலியாவின் ட்ரோமோர்னிஸ் ஏறத்தாழ 3 மீட்டர் உயரம், வலையின் உயரத்தைப் போல இரு மடங்கு. அது கோழி, வாத்து வம்சத்தின் கிளை. மடகாஸ்கரின் யானைப்பறவையை வரையும்போது முட்டையையும் பக்கத்தில் வரையுங்கள்: 30 சென்டிமீட்டருக்கு மேல் நீளம், 150 கோழிமுட்டை கொள்ளும்.

நமக்குக் கிட்டத்தில் இருந்தது ஒன்று. இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் லியாங் புவா குகையில் 1.8 மீட்டர் உயரப் பெருநாரையின் எலும்புகள் கிடைத்தன, 2010இல் பெயரிட்டார்கள். அதே குகையில்தான் ஒரு மீட்டர் உயரமே இருந்த குள்ள மனித இனமும் கிடைத்தது. ஒரு குழந்தையை நாரைப் படத்துக்குப் பக்கத்தில் படுக்க வைத்து அளவைக் காட்டலாம்.

வரைந்து முடித்து உட்கார்ந்திருக்கும்போது இரண்டு கதைகளைச் சேர்த்துச் சொல்லுங்கள். 1839இல் நியூசிலாந்திலிருந்து வந்த 15 சென்டிமீட்டர் தொடை எலும்புத் துண்டு ஒன்றை மட்டும் பார்த்து, அங்கே ஒரு பிரம்மாண்டமான பறவை இருந்தது என்று லண்டனில் ரிச்சர்ட் ஓவன் என்ற அறிஞர் அறிவித்தார். சில ஆண்டுகளில் மோவா என்ற அந்தப் பறவையின் எலும்புகள் பெட்டி பெட்டியாக வந்து அதை உறுதி செய்தன. 1887இல் அர்ஜென்டினாவில் அமெகினோ என்ற அறிஞர் ஒரு தாடையைப் பார்த்து, இது பல்லில்லாப் பாலூட்டியுடையது என்றார். அது கொடும்பறவையின் அலகு. இருவரும் கெட்டிக்காரர்கள், இருவர் கையிலும் ஒரே ஓர் எலும்பு.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். 1999இல் ஒரு புகழ்பெற்ற அமெரிக்க இதழ் ‘ஆர்க்கியோராப்டர்’ என்று ஒரு படிவத்தை வெளியிட்டது; ஒரு பறவையின் உடம்போடு வேறொரு டைனோசாரின் வாலை ஒட்டியது என்று பின்னால் தெரிந்தது. வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களைப் பற்றி இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

படி 8: ஆந்தைக் கூட்டின் அடியில்

செம்பனைத் தோட்டங்களில் எலியைப் பிடிக்க வெண்ணாந்தைக்குப் பெட்டி கட்டி வைத்திருப்பார்கள். ஆந்தை எலியை விழுங்கி, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். குகைகளில் சின்ன எலும்புகள் குவியலாகச் சேர்வதற்கு ஆந்தைகள் ஒரு முக்கியக் காரணம். நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு, பெட்டியைத் தொடாமல், கீழே கிடக்கும் உருண்டைகளை மட்டும் எடுங்கள். கையுறை, முகக்கவசம் கட்டாயம், எலிக்காய்ச்சல் விளையாட்டல்ல. நன்றாக வெயிலில் காய வைத்த பிறகு பெரியவர் ஒருவர் இடுக்கியால் பிரிக்கட்டும். எலி மண்டையோடு முழுசாக வரும்.

பிறகு அந்த எலும்புகளில் இரண்டை மரத்தடி மண்ணில் புதைத்து, அடுத்த விடுமுறையில் தோண்டிப் பாருங்கள். நம் மண் புளிப்பானது, மழையும் ஓய்வதில்லை. எலும்பு கரைந்துகொண்டே போகும். வெப்பமண்டலக் காட்டில் புதைபடிவங்கள் அரிதாக இருப்பதற்கு இதுதான் பெரிய காரணம். எலும்பு பிழைப்பது சுண்ணாம்புக் குகைக்குள்ளேதான். பத்துமலையின் ஒரு குகையில் பழங்கால ஒராங் ஊத்தானின் பற்கள் கிடைத்தது அப்படித்தான்.

ஈப்போ போகும் வழியில் தெரியும் சுண்ணாம்பு மலைகளில் ஆர்க்கியோப்டெரிக்ஸ் இருக்குமா என்று கேட்டால், இல்லை. அந்தக் கல் கடலடியில் படிந்தது, பறவைகள் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே. குகைக்குள் பிற்காலத்தில் சேர்ந்த மண்ணில் மட்டும் வாய்ப்பு உண்டு. அந்த மண்ணை நாம் தோண்டக் கூடாது. 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. தவிர, எந்த அடுக்கில் இருந்தது என்று தெரியாமல் பிடுங்கிய எலும்பு ஆய்வுக்குப் பாதி உபயோகமற்றது. ஏதாவது கண்ணில் பட்டால் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அப்படியே விட்டுவிட்டு அதிகாரிகளிடம் சொல்லுங்கள். இருவாய்ச்சியின் அலகு, காட்டுப் பறவைகளின் எலும்பு எதையும் உங்கள் எலும்புப் பெட்டியில் சேர்க்காதீர்கள், வனவிலங்குச் சட்டம் அவற்றுக்குப் பொருந்தும். கோழியும் வாத்தும் போதும்.

அசல் புதைபடிவத்தைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஈப்போவில் கனிம, புவி அறிவியல் துறையின் புவியியல் அருங்காட்சியகம் இருக்கிறது. அரசு அலுவலகம் என்பதால் வார நாளில், முன்கூட்டித் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போங்கள். கோழி எலும்புப் பெட்டியையும் எடுத்துச் செல்லுங்கள்.